ஓர் ஈயினம் குறைந்தது குறித்து

அனுப்புநர்
காப்பாளர்,
ஈக்கள் பிரிவு,
இரண்டாம் மாடி, யானை எலும்புக்கூட்டைத் தாண்டி இடப்புறம்,
இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்.

பெறுநர்
மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்கள்,
அருங்காட்சியகங்கள் துறை,
தலைமை அலுவலகம்.

(உரிய வழியாக: அலுவலகக் கண்காணிப்பாளர்)

பொருள்: இருப்புச் சரிபார்ப்பில் ஈயினம் ஒன்று குறைந்துவிட்டதாக எனக்கு வழங்கப்பட்ட குறிப்பாணையை இரத்து செய்யவும், பணியிலிருந்து நிறுத்தப்பட்ட துப்புரவுப் பணியாளரை மீண்டும் பணியில் அமர்த்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை:
1. அலுவலகக் கண்காணிப்பாளரின் குறிப்பாணை, நாள் அக்டோபர் 3.
2. எனது விளக்கம், நாள் அக்டோபர் 5.
3. மேற்படி விளக்கம் ஏற்கத்தக்கதல்ல எனத் தெரிவிக்கும் குறிப்பு, நாள் அக்டோபர் 7.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் இப்பிரிவில் பதினாறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கூரை ஒழுகியது பற்றி ஒருமுறை எழுதியதைத் தவிர, இதுவரை எந்தப் புகாரும் அளித்ததில்லை. இதைப் புகார் மனுவுக்குரிய மனவருத்தத்தோடு எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் முதல் பக்கம் முடிவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. என் பணிக்காலத்தின் மிகப் பெரிய சந்தோஷம் எதுவோ, அதைப் பற்றியே குறிப்பாணையும் வந்திருப்பதுதான் காரணம். எனவே நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன். வருத்தம் வரவேண்டிய இடத்தில் தானாக வரும்.

2. முதலில், எங்கள் பிரிவில் என்ன வேலை நடக்கிறது என்பதைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் ஒன்று, 'ஈக்களை ஒழிக்க இதுவரை மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகள்' குறித்து அறிக்கை கேட்டது. நாங்கள் ஈக்களை ஒழிப்பதில்லை ஐயா. உறவு பார்க்கிறோம். எந்த ஈ எதற்கு உடன்பிறப்பு, எது ஒன்றுவிட்ட பங்காளி, எது முகச்சாயலை மட்டும் வைத்துக்கொண்டு உறவு கொண்டாடுகிறது என்பதை, சிறகில் ஓடும் நரம்பையும் முதுகில் நிற்கும் முள்மயிரையும் எண்ணி எண்ணிக் கண்டுபிடிப்பதே எங்கள் வேலை. போன இடத்திலெல்லாம் ஒரு குழந்தையை நிறுத்தி, "நீ இன்னார் வீட்டுப் பொண்ணுதானே, மூக்கைப் பாத்தாலே தெரியுதே" என்று சொல்லும் அத்தை ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். ஈக்களின் குடும்பத்தில் அந்த அத்தை நான். அலுவலகத்தில் என்னை 'ஈக்கா' என்று அழைக்கிறார்கள். ஈ அக்கா என்பதன் சுருக்கம். நான் ஆட்சேபித்ததில்லை.

பிரிவில் இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் உள்ளன. நூற்றுப்பத்து ஆண்டுகளாகப் பலர் சேர்த்தவை. அறையில் மின்விசிறி உண்டு, போடுவதில்லை. போட்டால் நூறு வருஷத்துச் சிறகு ஒடிந்துவிடும். ஏப்ரல் மாதப் பிற்பகலில் இந்த அறையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு ஈக்கள்மேல் எவ்வளவு பிரியம் இருக்கவேண்டும் என்பதை ஐயா அவர்களின் யூகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

3. குறிப்பாணைக்குக் காரணமான இரண்டு இனங்கள் பின்வருமாறு.

இருப்புப் பதிவேட்டின் 418-ஆம் இனம்: கறுப்பு, எள்ளில் பாதி அளவு, கூன் முதுகு, நல்ல நீளமான சிறகு. அட்டை முனையில் ஒட்டி ஊசி குத்தி வைக்கப்பட்ட ஒன்பது மாதிரிகள். பிரிவில் நாங்கள் இதைக் 'கூனன்' என்போம்.

1107-ஆம் இனம்: வெள்ளை. சிறகு கிடையாது. வயிறு உப்பி, நொய்யரிசி போலிருக்கும். கறையான் புற்றுக்குள்ளேயே வாழ்வது. எரிசாராயம் ஊற்றிய சிறு கண்ணாடிக் குப்பிகளில் பதினொரு மாதிரிகள். நாங்கள் வைத்த பெயர் 'வெள்ளைச்சி'. அதை ஈ என்று சொன்னால் ஈயே நம்பாது.

ஒன்பது கூனன்களும் ஆண். பதினொரு வெள்ளைச்சிகளும் பெண். இந்த வரியைப் படிக்கும்போதே ஐயா அவர்களுக்கு விஷயம் விளங்கியிருக்கும். எனக்குப் பதினாறு ஆண்டுகள் விளங்கவில்லை. கூனன் இருந்தது தென்சுவர்ப் பீரோவில். வெள்ளைச்சி இருந்தது வடசுவர்ப் பீரோவில். ஊசி குத்தியவற்றோடு வேலை செய்யும் நாளில் குப்பிகளைத் திறப்பதில்லை. தவிர, வெள்ளைச்சியை ஒரு தனிக் குடும்பமென்றே தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர் எழுதி வைத்துவிட்டார். எழுதி வைத்திருப்பதை நம்புவது அரசு ஊழியரின் இயல்பு.

4. அந்தப் பெரியவரும் கூனனுக்கு அறிவியல் பெயர் வைத்தவரும் இதே அறையில் ஒரே காலத்தில் இருந்தவர்கள். ஒருவர் மற்றவரின் தங்கையை மணந்தவர். இந்த மச்சான்கள் இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அவர்களுக்கிடையே நடந்த கடிதப் போக்குவரத்தில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு கோப்பு, பதினான்கு கடிதங்கள், பதினான்கும் சன்னலைப் பற்றியவை. 'மேற்படியார் என் பக்கத்துச் சன்னலைத் தினமும் சாத்திவிடுகிறார்' என்று ஒருவரும், 'மேற்படியார் திறந்து வைக்கும் சன்னலால் என் குறிப்புகள் பறக்கின்றன' என்று மற்றவரும் எழுதியிருக்கிறார்கள். ஈயைப் பற்றி ஒரு வரி இல்லை. அறைக்கு நடுவே பீரோக்களை வரிசையாக நிறுத்தி இரண்டாகப் பிரித்ததும் அவர்களே. ஊசி குத்துவதெல்லாம் ஒருவருக்கு, குப்பியில் போடுவதெல்லாம் மற்றவருக்கு என்று பாகப்பிரிவினை நடந்திருக்கிறது. யாரோ ஒருவர் ஒரே புற்றிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஈக்களும் அந்தப் பாகப்பிரிவினையில் மாட்டிக்கொண்டன. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம்.

5. இனி, பணியிலிருந்து நிறுத்தப்பட்ட துப்புரவுப் பணியாளரைப் பற்றி. இவர் இரண்டு பெண் குழந்தைகளின் தாய். ஒப்பந்ததாரர் மூலமாக மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாடிக்கு வந்தார். அதற்குமுன் பதினோரு ஆண்டுகள் சட்டைத் தொழிற்சாலையில், தைத்து முடித்த சட்டைகளில் குறை பார்க்கும் பிரிவில் இருந்தவர். அதனால் எல்லோருக்கும் அவர் 'செக்கிங் அக்கா'. தரை துடைப்பதும் கண்ணாடி துடைப்பதுமே இவருக்கு ஒதுக்கப்பட்ட வேலை. பெட்டிகளைப் புதுப்பிக்கும்போது தட்டைப் பிடிக்கவும் விளக்கைக் காட்டவும் இவரை அழைத்தது நான். அதற்கான அனுமதியை எழுத்து மூலம் பெறாததும் நானே. விதிமீறல் என்று ஒன்று உண்டென்றால் அது என்னுடையது.

மார்ச் மாதத்தில் 418-ஆம் இனம் இருந்த பெட்டியின் பழைய தக்கைத் தளத்தை மாற்றினோம். நான் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவர் தட்டில் குத்தி வைத்தார். ஊசியில் ஈக்குக் கீழே விரல்நகத்தில் பாதி அளவுக்கு ஒரு சீட்டு இருக்கும். பிடித்த இடமும் நாளும் அதில் இருக்கும். நாங்கள் மேல்பக்கத்தைப் படிப்போம். கீழ்ப்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. இவர் பார்த்தார். "மேடம், இந்தச் சீட்டுக்குப் பின்னாடி கப்பல் படம் இருக்கு. புகை மட்டும் இல்ல" என்றார். அந்தக் காலத்தில் காகிதத் தட்டுப்பாட்டால் கையில் கிடைத்த அட்டையை வெட்டிச் சீட்டாக்குவார்கள். நான் "ம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊசியை எடுத்தேன்.

ஜூலை மாதத்தில் வடசுவர்க் குப்பிகளுக்குப் புதிய எரிசாராயம் ஊற்றினோம். வெள்ளைச்சியின் குப்பிகளில் உள்ள சீட்டுகளில் மை கரைந்து, எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அச்சு மை மட்டும் கரையாது. இவர் ஒரு குப்பியை வெளிச்சத்துக்கு நேரே திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னதை, சொன்னபடியே பதிவு செய்கிறேன்: "மேடம், அந்தக் கப்பலோட புகை இங்க இருக்கு."

நான் "எந்தக் கப்பல்?" என்று கேட்டேன். அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையை உயர் அதிகாரி ஒருவருக்கு எழுதும் மனுவில் விவரிப்பது முறையாகாது.

6. தென்சுவரிலிருந்து கூனனின் ஊசியை எடுத்து வந்தோம். குப்பியிலிருந்து சீட்டை இடுக்கியால் எடுத்து, ஒற்றுத்தாளில் ஒற்றி, பக்கத்தில் வைத்தோம். கத்தரி சற்றுச் சாய்வாக ஓடியிருந்தது. அந்தச் சாய்வோடு இந்தச் சாய்வு ஒட்டிக்கொண்டது. புகைபோக்கி முடிந்த இடத்தில் புகை தொடங்கியது. தேயிலைப் பொட்டலத்தின் அட்டை அது. கூனனின் சீட்டில் பிடித்த நாளும் புற்று இருந்த இடமும் தெளிவாக இருந்தன. ஒரே கையால், ஒரே உட்காரலில், ஒரே அட்டையிலிருந்து வெட்டப்பட்டவை என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். "கோடு போட்ட சட்டைல பாக்கெட் வச்சா, பாக்கெட்டுக் கோடு சட்டைக் கோட்டோட சேரணும் மேடம். அரை நூல் தள்ளிப்போனாலும் பீஸ் திரும்பி வந்துடும். பதினோரு வருஷம் அதத்தான் பாத்தேன். சேராதது எங்க இருந்தாலும் மனசுல நின்னுடும்" என்றார்.

7. சீட்டு ஒட்டுவதால் மட்டும் ஈ ஒட்டிவிடாது என்பதை நான் அறிவேன். எனவே அன்று மாலையே இரண்டையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். கூனனின் நடுக்காலின் உட்புறத்தில் ஏழு முள்மயிர்கள் சீப்புப் பல்போல நிற்கும்; ஐந்தாவது மட்டும் நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கும். வெள்ளைச்சியின் நடுக்காலில் எண்ணினேன். ஏழு. ஐந்தாவது, பிரிந்திருந்தது. அவளுடைய தோளில், சிறகு இருந்திருக்க வேண்டிய இடத்தில், மிகச் சிறிய தழும்பு போன்ற மேடு ஒன்றும் இருந்தது. பதினாறு ஆண்டுகளில் அவள் தோளை நான் பார்த்ததே இல்லை. வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டிலிருந்தும் ஆளுக்கொரு காலை எடுத்துப் பல்கலைக்கழக மரபணு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. 'அனுப்பிய இரு கால்களும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஒரே ஈயின் இரண்டு கால்களைத் தவறுதலாக அனுப்பிவிட்டீர்களா எனச் சரிபார்க்கவும்' (இணைப்பு 2).

இதனால் என்ன ஆயிற்று என்று ஐயா கேட்கலாம். வெள்ளைச்சியின் தனிக் குடும்பம் கலைந்தது. சிறகே இல்லாத ஆதி மூதாதை ஒருத்தியின் கடைசி வாரிசு இவள் என்று புத்தகங்கள் சொல்லி வந்தன. இல்லை. இவள் நன்றாகப் பறந்துகொண்டிருந்த குடும்பத்துப் பெண். புற்றுக்குள் குடிபோன பிறகு, இருட்டில் எதற்கு என்று சிறகை விட்டுவிட்டவள். ஈக்களின் வம்சாவளியில் ஒரு கிளையையே பெயர்த்து வேறிடத்தில் நட வேண்டியிருக்கிறது. அந்த வம்சாவளிப் படத்தை நான் திருத்தி வரைந்த அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

8. ஒரே ஒரு கேள்வி பாக்கி. சிறகில்லாதவள் ஒரு புற்றை விட்டு இன்னொரு புற்றுக்கு எப்படிப் போகிறாள்? நம் வளாகத்தில் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இடுப்பளவு உயரத்தில் ஒரு கறையான் புற்று இருக்கிறது. ஆகஸ்டு மாதத்தில் மழை பெய்த மாலைகளில், அலுவலக நேரம் முடிந்த பிறகு, நானும் செக்கிங் அக்காவும் கைவலையோடு ஒரே குடையின் கீழ் அதன் எதிரே உட்கார்ந்தோம். ஐந்து மாலைகளில் கறையானும் கொசுவும் தவிர வேறெதுவும் வரவில்லை. ஆறாவது மாலை மழை விட்டு வெளிச்சம் மஞ்சளாக மாறியபோது, அவர் என் முழங்கையைப் பிடித்தார்.

"மேடம், மூச்சு விடாதீங்க. தூக்கிட்டு வரான்."

புற்றின் ஓட்டையிலிருந்து கூனன் ஏறி வந்தான். அவனுக்குக் கீழே, அவனைவிடப் பருமனாக, வெள்ளையாக அவள். விளிம்பில் நின்று இரண்டு முறை சிறகை அடித்துப் பார்த்தான். தூக்க முடியவில்லை. மூன்றாவது முறை தூக்கிவிட்டான். குடித்தவன் நடப்பதுபோல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக, ஆனால் விடாமல், எங்கள் முகத்தின் உயரத்துக்கு எழும்பினான். அக்கா வலையைச் சுழற்றவில்லை. ஏந்தினார். அவ்வளவுதான். இருவரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

நான் ஈரத்தரையில் உட்கார்ந்து சத்தம்போட்டுச் சிரித்துவிட்டேன். காவலாளி தடியோடு ஓடிவந்து, "என்னம்மா, பாம்பா?" என்றார். "இல்லண்ணே, கல்யாணம்" என்று அக்கா பதில் சொன்னார்.

என் கணவர் புகைப்பட நிலையம் வைத்திருப்பவர். ஜோடி இப்போது ஒரே குப்பியில், பிரியாமல் இருக்கிறது. அதை அவர்தான் நுண்ணோக்கி வழியாகப் படமெடுத்துக் கொடுத்தார் (இணைப்பு 3). "இருபது வருஷமா ஜோடி போட்டோ எடுக்கறேன். கண்ண மூடாம, தலைய ஆட்டாம நின்ன ஒரே ஜோடி இதுதான்" என்பது அவர் கருத்து.

9. செப்டம்பரில் பதிவேட்டைத் திருத்தினேன். 1107-ஐ 418-உடன் சேர்த்து எழுதினேன். பிரிவின் மொத்த இனங்கள் 2,340 என்பது 2,339 ஆயிற்று. மாதிரிகளின் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையவில்லை. புதிய ஜோடியால் இரண்டு கூடியிருக்கிறது.

அக்டோபரில் ஆண்டுச் சரிபார்ப்பு நடந்தது. பார்வை 1-இல் கண்ட குறிப்பாணை வந்தது. 'தங்கள் பொறுப்பிலிருந்த ஓர் இனம் குறைகிறது. அது எப்போது, எவ்வாறு, யாரால் வெளியேறியது என்பதற்கு விளக்கம் தேவை.' இரண்டு இனங்கள் உண்மையில் ஒன்றே என்று நான்கு பக்கத்தில் விளக்கினேன். 'இரண்டு ஒன்றானால் ஒன்று குறைவே. விளக்கம் ஏற்கத்தக்கதல்ல' என்று பார்வை 3 சொன்னது. வெள்ளைச்சியைப் பழைய பெயரில் பழைய பீரோவில் திரும்ப வைக்கவும், ஆய்வுக் கட்டுரையை அனுப்பாமல் நிறுத்தவும் உத்தரவானது.

கணக்கைப் பொறுத்தவரை கண்காணிப்பாளர் சொன்னதில் பிழையில்லை.

10. அதே நாளில், மாதிரிகளைக் கையாளும் தகுதியற்றவர் கையாண்டார் என்ற காரணத்தால் செக்கிங் அக்காவை இனி அனுப்ப வேண்டாமென ஒப்பந்ததாரருக்குத் தெரிவிக்கப்பட்டது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. மறுநாள் காலை அவர் துடைப்பத்தை அதன் இடத்தில் சாய்த்து வைத்தார். எந்தெந்தப் பெட்டிக்கு எந்த வாரம் அந்துருண்டை மாற்றவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "தொட்டது தப்புன்னா தப்புதான் மேடம். பாத்தது தப்பில்லையே."

ஐயா, முதல் பத்தியில் நான் குறிப்பிட்ட வருத்தம் வரவேண்டிய இடம் இது. வந்துவிட்டது. அன்று முழுக்க நான் ஒரு பெட்டியையும் திறக்கவில்லை.

11. ஆயினும் அவர் போய்விடவில்லை. புதன்கிழமைகளில் பொதுமக்களுக்கு அனுமதி இலவசம் என்பது ஐயா அறிந்ததே. அடுத்த புதன்கிழமை பிற்பகலில் அவர் நல்ல புடவை உடுத்தி, இரண்டு மகள்களையும் அழைத்துக்கொண்டு பார்வையாளராக வந்தார். கீழ்த்தளத்தில் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் ஈக்களின் காட்சிப் பெட்டிகளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். எதையும் தொடவில்லை. வெளியேறும்போது பார்வையாளர் கருத்துப் பதிவேட்டில் எழுதினார். அதற்கு மேல் எழுதியிருந்தவர்கள் 'அருமை', 'குடிநீர் தேவை', 'யானை பயமாக இருந்தது' என்று எழுதியிருந்தார்கள். இவர் எழுதியது:

'மூன்றாவது பெட்டியில் பாச்சை உருண்டை தீர்ந்துவிட்டது. வலது கீழ் மூலையில் பழுப்புத் தூள் தெரிகிறது. உள்ளே வண்டுப் புழு இருக்கலாம். உடனே கவனிக்கவும்.'

தொழில் என்ற கட்டத்தில் 'இங்கேதான்' என்று எழுதி, பிறகு அடித்திருந்தார்.

அதற்கடுத்த புதன்கிழமையும் வந்தார். 'மூன்றாவது பெட்டி இன்னும் கவனிக்கப்படவில்லை. தூள் அதிகமாகியிருக்கிறது.' அதற்கடுத்த புதன்கிழமை: 'மூன்றாவது பெட்டியில் ஓர் ஈக்குத் தலை இல்லை. சென்ற வாரம் இருந்தது.' காட்சிப் பெட்டிகளின் சாவி என்னிடம் இல்லை; கீழ்த்தளம் என் பொறுப்பும் அல்ல. எனவே இவை எதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

12. தெரிந்தது கண்காணிப்பாளருக்கு. இவர் ஒவ்வொரு தாளையும் படித்துச் சுருக்கொப்பம் இடுபவர். எதையும் எண்ணிப் பார்க்காமல் விடாதவர். கருத்துப் பதிவேட்டையும் மாத இறுதியில் முழுக்கப் படிக்கும் ஒரே மனிதர் அவர். மூன்று புதன்கிழமைகளையும் சேர்த்துப் படித்துவிட்டு, கைவிளக்கோடு மூன்றாவது பெட்டியின் முன் போய் நின்றிருக்கிறார். தூள் இருந்தது. தலை இல்லை. பெட்டியைத் திறக்கச் செய்து, புழுவைக் கண்ணால் கண்டு, எண்ணியும் இருக்கிறார். நான்கு.

அதன்பின் மாடியேறி என் அறைக்கு வந்தார். முழங்கால் வலி உள்ளவர். இங்கு வந்து சேர்ந்த ஒன்பது ஆண்டுகளில் இதுவே முதல்முறை. வெள்ளைச்சி திரும்ப வைக்கப்பட்டதா என நேரில் பார்த்துச் சான்றளிக்க வந்ததாகச் சொன்னார். பார்க்காமல் சான்றளிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. எனவே நுண்ணோக்கியில் அந்த ஜோடியை வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

வெகுநேரம் பார்த்தார்.

"இது ஒண்ணா, ரெண்டா?" என்றார்.

"நீங்களே சொல்லுங்க சார்."

"இவன்தான் தூக்கிட்டுப் போறவனா?"

"ஆமா சார்."

"இவ்வளவு பெரிய ஆளையா?"

"ஆமா சார். மூணாவது தடவைல தூக்கிட்டான்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நடுக்காலைக் காட்டச் சொன்னார். முள்மயிரை வாய்விட்டு எண்ணினார். ஐந்தாவதில் நிறுத்தினார். பிறகு அவனுடைய காலைக் காட்டச் சொல்லி எண்ணினார். அங்கும் ஐந்தாவதில் நிறுத்தினார். "எழுத்துல பாக்கறப்போ ரெண்டாத்தான் தெரிஞ்சுது" என்றார். யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. "அந்தம்மா இதக் கண்ணாலயே கண்டுபிடிச்சாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "மூணு வாரமா எனக்கும் அவங்கதான் எழுதிக்கிட்டு இருந்திருக்காங்க" என்றார்.

குறிப்பாணை பதிவாகி, தலைமை அலுவலகத்துக்கும் நகல் போய்விட்டதால் அதை இனி அவரே திரும்பப் பெற முடியாது. ஒப்பந்தப் பணியாளரைத் திரும்ப அழைக்கவும் தங்கள் உத்தரவு வேண்டும். இவை இரண்டையும் எனக்கு விளக்கியவரும் அவரே. "எம்மேல ஒரு புகார் எழுதிக் குடுங்க, நான் மேல அனுப்பறேன். பட்டும் படாமலும் எழுதாதீங்க. அங்க கோப்புல போட்டு மூடிடுவாங்க" என்றார். என் முதல் வரைவைப் படித்துவிட்டு, "இதுல என்மேல கோபமே இல்லையே" என்று திருப்பிக் கொடுத்தார். ஐயா அவர்கள் வாசிப்பது இரண்டாவது வரைவு. இதிலும் கோபம் போதவில்லையென்றால் அது அவருடைய தவறல்ல.

13. ஓர் எச்சரிக்கையையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. போவதற்குமுன் செக்கிங் அக்கா எனக்கு இன்னொரு பட்டியலும் கொடுத்திருக்கிறார். 'சேரவேண்டியவை' என்று தலைப்பிட்டு ஏழு ஜோடிப் பெட்டிகளைக் குறித்திருக்கிறார். அவற்றில் இரண்டை நான் பார்த்துவிட்டேன். அவர் சொல்வது சரியாக இருக்கும் போலிருக்கிறது. 'பிரிக்கவேண்டியவை' என்று அதன் கீழே மூன்று பெட்டிகள் உள்ளன. ஆகவே அடுத்த ஆண்டுச் சரிபார்ப்பில் இருப்பு இன்னும் குறையலாம், கூடவும் கூடலாம். எது நடந்தாலும் எதுவும் திருட்டுப் போகவில்லை என்று இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன்.

14. எனவே கனம் பொருந்திய ஐயா அவர்களிடம் வேண்டுவது:

(அ) பார்வை 1, 3 ஆகியவற்றை இரத்து செய்து, பதிவேட்டில் 'ஓர் இனம் குறைவு' என்றிருப்பதை 'ஓர் இனம் சரி செய்யப்பட்டது' எனத் திருத்த ஆணையிட வேண்டும்.

(ஆ) மேற்படி பணியாளரை உடனே திரும்ப அழைக்க வேண்டும். துடைப்பத்துக்கு அல்ல. எங்கள் பிரிவில் மாதிரிப் பராமரிப்பு உதவியாளர் பணியிடம் நான்கு ஆண்டுகளாகக் காலியாக இருக்கிறது. அதற்கு வேண்டிய தகுதியாக விதியில் கூறப்பட்டிருப்பது 'கூர்ந்த பார்வையும் பொறுமையும்'. இவ்விரண்டுக்கும் சான்றாகக் கருத்துப் பதிவேட்டின் மூன்று பக்கங்களை இணைத்துள்ளேன்.

(இ) ஆய்வுக் கட்டுரையை அனுப்ப அனுமதிக்க வேண்டும். அதில் என் பெயருக்கு அடுத்ததாக அவர் பெயர் இருக்கும். பணிபுரியும் நிறுவனம் என்ற இடத்தை நிரப்பாமல் வைத்திருக்கிறேன். நம் அருங்காட்சியகத்தின் பெயரை அங்கே எழுத ஆசைப்படுகிறேன்.

(ஈ) கூனன், வெள்ளைச்சி இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்க அனுமதிக்க வேண்டும். வரிசைப்படி இந்த எழுத்து வந்தது தற்செயலே.

ஐயா அவர்கள் எப்போது இந்தப் பக்கம் வந்தாலும் நுண்ணோக்கி தயாராக இருக்கும். முன்கூட்டித் தெரிவிக்க வேண்டியதில்லை. விரைந்து ஆணை பிறப்பிப்பீர்கள் என்று நம்பி, அந்த நம்பிக்கையோடு மூன்றாவது பெட்டிக்குப் புதிய அந்துருண்டை போடக் கீழே போகிறேன். சாவியைக் கண்காணிப்பாளர் கொடுத்துவிட்டார்.

இடம்: ஈக்கள் பிரிவு, இரண்டாம் மாடி
நாள்: நவம்பர் 14, வியாழக்கிழமை

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
காப்பாளர், ஈக்கள் பிரிவு

இணைப்புகள்:
1. ஒட்டிய நிலையில் இரு சீட்டுகளின் படம்.
2. மரபணு ஆய்வகத்தின் கடிதம்.
3. ஜோடியின் புகைப்படம்.
4. பார்வையாளர் கருத்துப் பதிவேடு, மூன்று பக்கங்கள், நகல்.

அலுவலகக் கண்காணிப்பாளரின் பரிந்துரைக் குறிப்பு:

மனு என் மீதானது. முழுதும் படித்தேன். பத்தி 12-இல் முழங்கால் வலி பற்றிய குறிப்பு தேவையற்றது எனினும் உண்மை. குறிப்பாணைகளில் கண்ட எண்ணிக்கை சரியே. நான் எண்ணிய பொருள்தான் தவறு. மனுதாரர் கூறும் ஏழு முள்மயிர்களை ஆணிலும் பெண்ணிலும் நானே எண்ணிச் சரிபார்த்தேன். கோரிக்கைகள் நான்கையும் பரிந்துரைத்து மேலனுப்புகிறேன். (ஆ) முதலில் கவனிக்கப்பட வேண்டுகிறேன்.

நாளை மாலை மழை இருக்கும் என்று தெரிகிறது. எனக்கு அரைநாள் விடுப்பு வேண்டித் தனியே விண்ணப்பித்துள்ளேன். காரணம்: சொந்த வேலை.

(சுருக்கொப்பம்)